சீர் பீரோவும் நீல வெளிச்சமும்

கீரமங்கலத்தில் என் அண்ணன் கட்டிய கல்யாண மண்டபத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் இருப்பது சிங்கப்பூரில். நான் கொஞ்ச காலம் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தவள். "ஒனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்ற ஒரே காரணத்துக்காக மண்டபத்தின் சாவிக்கொத்தையும் வைஃபை பாஸ்வேர்டையும் ஒன்றாக என் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார்.

அண்ணனுக்கு அது ஸ்மார்ட் மண்டபமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு லீவுக்கும் பெட்டி நிறையக் கருவிகளோடு வருவார். எங்கே தள்ளுபடி போட்டார்களோ அங்கே வாங்கியவை. மேடையில் நிறம் மாறும் விளக்குகள் ஒரு கம்பெனி. தங்கும் அறைகளின் சுவிட்சுகள் இன்னொரு கம்பெனி. ஏசியை போன் வழியாக இயக்கும் குட்டிக் கருவி மூன்றாவது கம்பெனி. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் சொல்லும் கருவிக்கு எந்த ஊர்ப் பெயர் என்றே தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி ஆப், தனி பாஸ்வேர்டு. ஒன்றுக்கு ஒன்று பேச்சுவார்த்தையே கிடையாது. அறை சுவிட்சுகள் எங்கோ வெளிநாட்டில் இருக்கும் கம்ப்யூட்டரிடம் கேட்டுவிட்டுத்தான் விளக்கைப் போடும். இன்டர்நெட் இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். மேடை விளக்குகளோ வைஃபையே வேண்டாம் என்னும் ஜாதி. ஜிக்பீ என்று தனி பாஷை அவற்றுக்கு. அந்த பாஷை தெரிந்த ஒரு வெள்ளைப் பெட்டியை மேடையின் பக்கச் சுவரில் மாட்டியிருந்தார் அண்ணன். நான் போனில் சொன்னால் பெட்டி கேட்டுக்கொள்ளும். பெட்டி சொன்னால் விளக்கு கேட்டுக்கொள்ளும்.

மண்டபத்துக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு வயர்மேன் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டியவர். எனக்கு அவர் அண்ணே, அவருக்கு நான் தங்கச்சி. மேடைக்குச் சாதாரண சுவிட்ச் ஒன்று வைத்துவிடலாம் என்று அவர் கேட்டபோது, சுவர் அழகு கெட்டுவிடும் என்று அண்ணன் மறுத்துவிட்டார். மேடையின் விளக்கு, மின்விசிறி, மைக் எல்லாம் ஒரே லைனில் நேராக இணைந்திருந்தன.

போன ஆவணியில் ஒரு கல்யாணம். முந்தின நாள் மாலை வரவேற்பு. பெண்ணின் தோழிகள் கேட்டார்கள் என்று மேடையை அடர்நீலத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். கடலுக்குள் நிற்பது போல இருந்தது. ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

காலை ஆறு மணிக்கு வந்து ஆப்பைத் திறந்தேன். இளமஞ்சள் வெள்ளையைத் தொட்டேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. 'இணைக்க முடியவில்லை' என்றது. போனை அணைத்துத் திறந்தேன், ஆப்பை அழித்து மறுபடி ஏற்றினேன். மேடை நீலமாகவே இருந்தது. ஐயர் நீலப் புகைக்கு முன்னால் நீலமாக உட்கார்ந்து மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரைகூட யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண் கூரைப்புடவை மாற்றிக்கொண்டு மேடைக்கு வந்ததும்தான் வினை வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா விறுவிறுவென்று என்னிடம் வந்தார். "ஏம்மா, நீங்கதானே மண்டபத்துக்காரவங்க? அந்த லைட்ட மொதல்ல மாத்துங்க. அரக்குச் செகப்புப் பட்டு எடுத்துக் குடுத்திருக்கோம். கன்னங்கரேல்னு தெரியுது. தாலி கட்டுற நேரத்துல கருப்பு ஆகுமா?"

திரும்பிப் பார்த்தேன். மேடைக்குப் பகல் வெளிச்சம் எட்டாது. நீல வெளிச்சத்தில் சிவப்புப் பட்டு அப்படியே கருப்புத் துணியாக நின்றது. "இந்தா, ரெண்டே நிமிஷங்க" என்று சொல்லிவிட்டு வயர்மேனைத் தேடி ஓடினேன்.

"ஃபியூஸப் புடுங்கி மாட்டிருவமா தங்கச்சி? தானா வெள்ளைக்கு வந்துரும்" என்றார் அவர்.

"புடுங்குங்கண்ணே."

புடுங்கினார். விளக்கு போனது. கூடவே மின்விசிறி நின்றது, நாதஸ்வரத்தின் மைக் வாயை மூடிக்கொண்டது, கூட்டம் 'ஓ' என்றது. மறுபடி மாட்டினார். எல்லாம் வந்தது. விளக்குகளும் வந்தன, அதே நீலத்தில். கரண்ட் போய் வந்தால் கடைசியாக இருந்த நிறத்துக்கே திரும்ப வேண்டும் என்று அண்ணன் அமைத்து வைத்திருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"மொகூர்த்தம் ஏழரை வரைக்குந்தான்" என்று மைக்கிலேயே சொன்னார் ஐயர். மணி ஏழு.

மேடைக்குப் பக்கத்தில் நின்று யோசித்தேன். ராத்திரி வேலை செய்தது காலையில் செய்யவில்லை. இடையில் என்ன மாறியது? வெள்ளைப் பெட்டியைத் தேடினேன். காணோம். அது இருந்த சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு ஆளுயர ஸ்டீல் பீரோ ஒன்று நின்றது. விடியற்காலை வேனில் வந்து இறங்கிய பெண் வீட்டுச் சீர். அதன் இரண்டு பக்கமும் எவர்சில்வர் அண்டாக்கள், குடங்கள், குத்துவிளக்குகள். பீரோ உச்சியில், உயரமான இடமாக இருக்கிறதே என்று, நேரலை எடுக்க வந்தவர்கள் தங்கள் வைஃபை பெட்டியை வைத்திருந்தார்கள். முன்னால் இரும்புச் சுவர். தலைக்கு மேல் அதே அலைவரிசையில் ஓயாமல் கத்தும் இன்னொரு பெட்டி. பாவம், என் வெள்ளைப் பெட்டி சொல்வது யார் காதில் விழும்?

பீரோவை நகர்த்த வேண்டும். அவ்வளவுதான். ஆனால் வைத்த சீரை முகூர்த்த நேரத்தில் நகர்த்தச் சொல்வது லேசுப்பட்ட காரியமா?

பீரோவுக்குப் பக்கத்தில் பெண்ணின் தாய்மாமன் நின்றிருந்தார். சீர் முழுக்க அவர் பொறுப்பு. மல்லிகைத் தோட்டக்காரர் என்று காலையில் யாரோ சொன்னார்கள்.

"ஐயா, இந்தப் பீரோவக் கொஞ்சம் நகட்டணுங்க."

அவர் முகம் மாறியது. "ஏன்? மாப்ள வீட்டுல ஏதும் கொறை சொன்னாகளா?"

"அய்யோ, இல்லீங்க..."

"பெறகு எதுக்கு நகட்டணும்? சீரு வச்ச எடத்துல இருந்து எடுங்கன்னு சொல்றது நல்லாருக்கா? யாரு சொல்லச் சொன்னது ஒன்னைய?"

நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா மேடையிலிருந்தே எட்டிப் பார்த்தார். சிக்னல், ஜிக்பீ, அலைவரிசை என்று ஆரம்பித்தால் இந்த மனிதருக்கு என்ன புரியப்போகிறது, அதற்குள் ஏழரை ஆகிவிடும் என்று நினைத்தேன். வாயில் வேறொன்று வந்தது.

"கொறையெல்லாம் இல்லீங்கய்யா. நேரலையில சீரே தெரியல. வெளிநாட்டுல இருந்து சொந்தக்காரங்கல்லாம் பாக்குறாங்க. அங்கிட்டு ஓரத்துல இருக்கு. இங்கிட்டு நடுவாக்குல வந்தா எல்லாருக்கும் தெரியும்."

அவர் கேமராவைப் பார்த்தார். பீரோவைப் பார்த்தார். "அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று துண்டை இடுப்பில் கட்டினார். "ஏய், நாலு பேரு இங்கிட்டு வாங்கப்பா!"

வயர்மேன் முதல் ஆளாகப் போய்க் கை கொடுத்தார். நான் எக்கி, நேரலைப் பெட்டியை எடுத்துத் தூரத்து நாற்காலியில் வைத்தேன். பீரோ ராஜநடை போட்டு, மணமக்களுக்குப் பின்னால் நடுவே வந்து நின்றது. சுவரில் வெள்ளைப் பெட்டி தெரிந்தது. போனில் வட்டம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. தொட்டேன்.

மேடை முழுவதும் இளமஞ்சளாக மலர்ந்தது. பட்டு அரக்குச் சிவப்பாக ஜொலித்தது. மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். கெட்டிமேளம் கொட்டியது. ஒரு கையில் போனைப் பிடித்தபடியே மறு கையால் நானும் அட்சதை போட்டேன்.

மத்தியானம் கூட்டம் குறைந்த பிறகு தாய்மாமன் வெற்றிலை மென்றபடி என்னிடம் வந்தார். "ஏம்மா, நெசமாவே கேமராவுக்காகத்தான் நகட்டச் சொன்னியா? பீரோ நகந்த மறுநிமிஷம் லைட்டு மாறுச்சே."

இனி மறைக்க முடியாது. சுவரில் இருந்த பெட்டியைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"என் தோட்டத்துல போன்ல போடுற மோட்டார் ஸ்டார்ட்டர்தான் இருக்கு. மோட்டார் ரூம்புத் தகரக் கதவச் சாத்திப்புட்டா அதுக்கும் சிக்னலு வாராது. கதவுல ஓட்டை போட்டு ஏரியல் கம்பிய வெளியில எடுத்து வச்சிருக்கேன். தகரம் மறைக்குதுங்கய்யான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒத்த ஆளா நகட்டியிருப்பேனே."

புரியாது என்று நானாக முடிவு செய்துகொண்டது கூச்சமாக இருந்தது. அதற்குள் அவர் என் போனை வாங்கிப் பச்சை, சிவப்பு என்று ஒவ்வொரு நிறமாகத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். "இந்தப் பொட்டியோட ஏரியலு எம்புட்டு தூரம் எடுக்கும்?" என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன்.

மறுநாள் அண்ணனோடு போனில் சண்டை. "ஒண்ணு, எல்லாம் ஒரே பாஷை பேசணும். இல்ல, நீயே இங்க வந்து நின்னு எரிய விடு" என்றேன். அதற்கு அவர், "மேட்டர்னு ஒண்ணு வந்திருக்கு. கம்பெனிக எல்லாம் சேந்து போட்டுக்கிட்ட பொதுப் பாஷை. அது இருந்தா ஒரே ஆப் போதும். இன்டர்நெட் இல்லாட்டியும் எரியும். எதெதுல இருக்குன்னு பாரு" என்றார்.

நானும் வயர்மேனும் புதுக்கோட்டையில் ஒரு கடைக்குப் போனோம். "மேட்டர் இருக்கிற சுவிட்ச் வேணும்" என்றேன்.

"என்ன மேட்டருங்க?" என்றார் கடைக்காரர்.

"மேட்டர்தாங்க."

"அதான் கேக்குறேன், மேட்டர் என்னன்னு சொல்லுங்க."

வயர்மேன் சிரிப்பை அடக்க முடியாமல் தெருப்பக்கம் போய்விட்டார். கடைசியில் அட்டைப்பெட்டி ஒன்றில் அச்சிட்டிருந்த அந்தச் சின்ன அடையாளத்தைத் தேடிக் காட்டியதும்தான் கடைக்காரருக்கு விளங்கியது.

மேடை விளக்கின் பெட்டிக்கு ஒரு அப்டேட் வந்து அதுவே புதுப் பாஷையைக் கற்றுக்கொண்டது. அறை சுவிட்சுகளில் பாதி கற்றுக்கொண்டன, மீதியை மாற்றினோம். ஏசிக் கருவி கடைசி வரை பிடிவாதமாக இருந்தது; அதைக் கழற்றிவிட்டுப் பழைய ரிமோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். இரண்டும் ஒரே அலைவரிசையில் மோதிக்கொள்ளாமல் இருக்க, வைஃபையை ஒரு சேனலுக்கும் ஜிக்பீயை அதிலிருந்து தள்ளி இன்னொரு சேனலுக்கும் மாற்றினேன். அணைத்துப் போட்டால் வெள்ளைக்கே வரும்படி மேடை விளக்குகளை நான் மாற்றியமைக்க, மேடையின் பக்கச் சுவரில் வயர்மேன் ஒரு சாதாரண சுவிட்சும் பொருத்தினார். அதைப் பற்றி அண்ணனிடம் நாங்கள் இருவரும் மூச்சுவிடவில்லை.

புது ஆப்பை வயர்மேனின் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன். கியூஆர் கோடை ஸ்கேன் செய்து விளக்கு சேர்ப்பதை இரண்டாவது தடவையிலேயே பிடித்துக்கொண்டார். போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் அவரே என்னைத் துரத்தினார்.

"நான் பாத்துக்கிறேன், நீ போய்ச் சாப்புடு தங்கச்சி."

மண்டபம் திறந்ததிலிருந்து முதல் பந்தியில் நான் உட்கார்ந்ததே இல்லை. எல்லோரும் போன பிறகு ஆறிப்போன சாம்பாரைத்தான் சாப்பிட்டுப் பழக்கம். அன்று இலை போட்டதும் உட்கார்ந்தேன். பொங்கல் ஆவி பறந்தது, நெய் அப்போதுதான் உருகிக்கொண்டிருந்தது. பரிமாற வந்தவர் என்னைப் பார்த்து ஒரு கணம் நின்றுவிட்டு, கேட்காமலேயே இன்னொரு வடையை இலையில் வைத்துவிட்டுப் போனார்.