அப்பா ரவுட்டராக இருந்த மாதங்கள்

அது செய்முறைப் பரீட்சை. கணினிகளுக்கிடையே செய்திகளை வழியனுப்பும் ரவுட்டர்களை எதிரே வைத்து, கொடுத்த நேரத்துக்குள் இணைத்து இயங்கச் செய்ய வேண்டும். பட்டணத்தில் நான் படித்த இடத்தில் ரவுட்டர் இரண்டு. படித்தவர்கள் பதினெட்டுப் பேர். என் முறை வரும் நாளில் மின்சாரம் போகும், இல்லாவிட்டால் வாவியைக் கடக்கும் தோணியை இராணுவம் துறையில் நிறுத்திவிடும். வாவியின் மேற்குக் கரையிலிருந்து படிக்கப் போனவள் நான் ஒருத்திதான்.

சான்றிதழ் கிடைத்தால் கொழும்பில் வேலை. வேலை கிடைத்தால் அப்பாவையும் இந்தச் சண்டையிலிருந்து கூட்டிப்போய்விடலாம். அம்மா இல்லாத வீட்டில் எனக்கு வேறு யோசனையே இருக்கவில்லை.

வாவியில் இறங்கத் தடை என்பதால் அப்பா வலையைச் சுருட்டி வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். அவரையே ரவுட்டர் ஆக்கினேன். யாரை விடுவது, யாரை மறிப்பது என்று கொப்பியில் பட்டியல் எழுதிக் கொடுப்பேன். அவர் வாசலில் நிற்பார். நான் துண்டுச் சீட்டில் ஒரு கணினியின் இலக்கத்தோடு வருவேன். அவர் மேலிருந்து கீழே விரலை ஓட்டுவார். ‘விடு’ என்றிருந்தால் விலகுவார், ‘மறி’ என்றிருந்தால் கையை நீட்டுவார். பட்டியலிலேயே இல்லாவிட்டாலும் மறிக்க வேண்டும்.

“பேர் இல்லாட்டி ஏன் மறிக்கிற? அவன் என்ன செய்தவன்?”

“அதுதான் விதி அப்பா.”

“அப்ப இது நம்மட சென்றிதான். இந்த மிஷினைச் செய்தவன் ஆமிக்காரனா புள்ள?”

சோதனைச் சாவடியைத்தான் சென்றி என்போம். வகுப்பில் மற்றவர்களுக்கு ஒரு வாரம் பிடித்தது அவருக்கு ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. அந்த விதியைத் தளர்த்தவும் ஒரு வரி உண்டு: ‘எவரையும் எங்கும் விடு.’ கடைசியில் அதைப் போட்டால் மறிக்காத எல்லாரும் போகலாம். அப்பாவுக்கு அந்த வரி மிகவும் பிடிக்கும்.

கொழும்பில் நடந்த பரீட்சைக்குத் துணையாக அவரும் வந்தார். ஓட்டமாவடி தாண்டி ஒரு சென்றியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். பயண அனுமதிக்குப் பதிந்தவர்களின் பட்டியலில் ஒரு சிப்பாய் மேலிருந்து கீழே விரலை ஓட்டினான். என் பெயர் இருந்தது. எங்கே, யார் தவறவிட்டார்களோ, அப்பாவின் பெயர் இல்லை.

“நீ போ புள்ள. பரீட்சை போயிரும்,” என்றார். பஸ் ஹோர்ன் அடித்தது. நான் ஏறினேன்.

மறுநாள் எனக்கு வந்த கேள்வியும் ஒரு பட்டியல்தான். இரண்டு பிரிவுகளை மட்டும் விட வேண்டும், மற்ற எல்லாரையும் மறிக்க வேண்டும். ‘எவரையும் எங்கும் விடு’ என்ற கடைசி வரி தேவையே இல்லை. நான் போட்டேன். அதை ஓர் எதிர்ப்பு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், பொய். மனம் சென்றியில் நின்றது, கை பழக்கத்தில் தட்டியது. அந்தப் பகுதியின் புள்ளிகள் முழுவதும் போயின. பரீட்சையும் போனது.

அப்பாவைச் சென்றியில் முதல் நாள் பொழுதுபடும்வரை வெயிலில் இருத்திவைத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான் வந்து இறங்கியபோது துறையில் நின்றார். என் முகமே சொல்லியிருக்கும். என்ன பிழை என்று கேட்டார். கடைசி வரியைச் சொன்னேன். சிரிப்பதுபோலக் கேட்டார்:

“அப்ப எல்லாரையும் விட்டுட்டுத்தான் வந்திருக்காய்?”

அவர் கேட்டது பட்டியலைத்தான். எனக்கு அது, சென்றியில் அவரை விட்டுவிட்டு பஸ் ஏறியதைக் கேட்டதுபோல இருந்தது.