மேஜர் ஏன் தமிழ் படித்தார்

பிள்ளைகளா, போன வாரம் போனில் ஏதோ ராணுவ வீடியோவைப் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க பார்த்ததுலயே பெரிய ஆபீசர் யாருப்பா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டேன். பதில் தெரியும். ஆனால் அந்த மனிதரை எவ்வளவு காலம் சந்தேகப்பட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் சரியாக வராது. அதனால் எழுதுகிறேன்.

அவர் பட்டாளத்தில் எங்கள் கம்பெனிக்கு வந்த மேஜர். வடநாட்டுக்காரர். அப்போது நாங்கள் மலை முகாமில் இருந்தோம், பெரும்பாலும் தமிழ் ஆட்கள். சிப்பாய்கள் பேசும் பாஷையை ஆபீசர் கற்றுக்கொள்வது எங்கள் படையில் வழக்கம். மற்றவர்கள் "வாங்க, போங்க, சாப்பிட்டாச்சா" வரைக்கும் வந்து நிறுத்திக்கொள்வார்கள். இவர் நிறுத்தவில்லை. தினமும் விளையாட்டு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்துக்கொண்டு பேசச் சொன்னார்.

"உங்க ஊர்ல ஆத்துல தண்ணி வந்தாச்சா? நாத்து விட்டாச்சா?"

இது எதற்கு இவருக்கு? எனக்குச் சந்தேகம் வந்தது. நம் ஊரில் பிறந்தவனுக்கு இது தெரியும். மாநில எல்லை செக்போஸ்ட்டில் அதட்டுகிற போலீஸ்காரர் பஸ்ஸை விட்டுவிடுவார். "எங்கேர்ந்து வர்றீங்க தம்பி?" என்று அன்பாகக் கேட்கிறவர்தான் பையைப் பிரித்துச் சாராய பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்.

கம்பெனியிலும் அதே பேச்சுதான். "நாம தமிழ்ல பேசுறதை ஒட்டுக்கேக்கத்தான் படிக்கிறாரு" என்றார் எங்கள் ஹவில்தார். எனக்கு 'வாத்தியார்' என்று பேரும் வைத்துவிட்டார்.

நீங்கள் நெடுங்காட்டு மாமா என்று கூப்பிடுகிறீர்களே, அவனும் அந்தக் கம்பெனிதான். வாலிபால் ஆடும்போது அவனுக்கு முட்டி பிசகிவிட்டது. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒருவரிடமும் சொல்லாமல் நடந்தான். தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் கடைசி வரை வரவில்லை. அவன் வீட்டில் அவன் சம்பளம்தான் சோறு. விஷயம் எனக்குத் தெரியும், இன்னும் இரண்டொருவருக்குத் தெரியும்.

ஒரு நாள் பேச்சு நடுவில் மேஜர் கேட்டார்: "உங்க ஊர்க்காரர் ஏன் மெதுவா நடக்குறாரு?"

"பூட்ஸ் கடிச்சிருக்கு, சாப்."

அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மறுபடியும் நாற்றுப் பேச்சுக்கே போனார். அது இன்னும் பயமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து ரோந்துக்கு வரிசையில் நின்றோம். மேஜர் நேரே அவனிடம் வந்து, அவன் முதுகிலிருந்த வயர்லெஸ் செட்டை இறக்கச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போ என்றார். செட்டைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அத்தனை ஏற்றத்திலும் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

"போட்டோ எடுக்க யாராச்சும் வர்றாங்களா என்ன?" என்று ஹவில்தார் பின்னாலிருந்து முணுமுணுத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லார் கண்ணும் என் மேல்தான்.

சாயங்காலம் சாப்பாட்டுக் கொட்டகையில் நான் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். முட்டியில் கட்டோடு நெடுங்காட்டான் எதிரே இருந்தான்.

"ஒரே பஸ்ல வந்து சேந்தோம்டா. எங்க அம்மா கையால சாப்ட்டிருக்க நீ."

"சத்தியமா நான் சொல்லலடா."

"வேற யாரு சொன்னா? முட்டியே போயி சொல்லுச்சா?"

"விடுப்பா, வாத்தியாருக்குப் பாடம் நடத்தணும்ல" என்றார் ஹவில்தார்.

படையில் ஒருவனுக்குக் காட்டிக்கொடுப்பவன் என்று பேர் வந்துவிட்டால் அதற்கப்புறம் அவனுக்கு ஆள் கிடையாது. மலையில் வழுக்கினால் கை நீட்டக்கூட யோசிப்பார்கள்.

அப்போது மேஜர் வாசலில் வந்து நின்றார். எல்லாரும் எழுந்தோம். உட்காரச் சொன்னார். என்னைக் கைகாட்டி, தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிப் பேசினார்.

"இவர் சொல்லல. நேத்து குளிக்கிற இடத்துல ரெண்டு பேர் முட்டி பத்திப் பேசினீங்க. நான் வெளியில நின்னேன். எல்லாம் புரிஞ்சுது." கொஞ்சம் நிறுத்தி, "இவர் எங்கிட்ட பொய்தான் சொன்னார். பூட்ஸ் கடிச்சுதுன்னு" என்றார்.

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

"இனிமே நீங்க ஜாக்கிரதையா பேசுவீங்க. பரவால்ல."

அவ்வளவுதான். போய்விட்டார்.

"ஒட்டுக்கேட்டதை எவ்ளோ தெகிரியமா சொல்றாரு பாரு" என்றார் ஹவில்தார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். படுத்த பிறகுதான் வேறு மாதிரி தோன்றியது. அவர் பேசாமல் இருந்திருந்தால் பழி என் மேல் நின்றிருக்கும், அவர் பாட்டுக்கு எங்கள் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். ஒரு சிப்பாயின் பேருக்காக அதை விட்டுக்கொடுத்தார். அல்லது எங்களை மடக்க அதுவும் ஒரு வழியோ? பிள்ளைகளா, உண்மையைச் சொல்கிறேன், அந்த எண்ணமும் வந்தது.

நெடுங்காட்டானுக்கு ஆபரேஷன் ஆயிற்று. ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்து மேஜர் அவனைக் கம்பெனியிலேயே வைத்துக்கொண்டார். அவன் என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. வீட்டிலிருந்து வந்த நார்த்தங்காய் ஊறுகாயில் பாதியை என் தட்டில் போட்டான்.

மேஜர் மாற்றலாகிப் போன நாளில், வழக்கப்படி அவர் ஜீப்பில் கயிறு கட்டி, என்ஜினைப் போடாமல், ஆட்களே கேட் வரைக்கும் இழுத்துப் போனார்கள். ஹவில்தார்தான் முதல் ஆளாகக் கயிற்றைப் பிடித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நான் பிடிக்கவில்லை. பிடித்தால் மறுபடியும் வாத்தியார் என்பார்களோ என்று ஓரமாக நின்று சல்யூட் மட்டும் அடித்தேன். ஜீப்பிலிருந்து என்னைப் பார்த்தாரா என்று தெரியாது.

எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள். கயிறு கேட் பக்கத்தில் மண்ணில் நீளமாகக் கிடந்தது. நான் மட்டும் போய் அதை உதறி, முழங்கையில் சுற்றிச் சுற்றிச் சுருட்டி, தோளில் போட்டுக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தேன்.