நான் ஒதுக்கிய கால்

பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, ஃபாதர் பன்னிரண்டு பேரின் வலது காலைக் கழுவுவார். எங்கள் காஞ்சிபுரம் கோயிலில் அவர்களைத் தேர்ந்தெடுப்பது நான்தான்.

போன வருடம் தறி நெய்யும் அருள்தாஸ் வந்து, "இந்த வாட்டி நானும் ஒக்காந்துக்கட்டுமாண்ணா?" என்று கேட்டார்.

அவர் வலது பாதத்தில் அழுக்குத் துணிக்கட்டு. "ஃபோட்டோ எடுப்பாங்கப்பா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றேன்.

அன்று உட்கார்ந்த பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தவர்கள். ஃபாதர் பக்கத்தில் துண்டோடு நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரே மாதத்தில் அருள்தாஸின் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"சர்க்கரைல காலு மரத்துப்போச்சுண்ணா. அடியில புண்ணு கறுத்துக்கினு வந்தது தெரியல. யாராவது குனிஞ்சு பாத்திருந்தா சொல்லியிருப்பாங்க."

என்னைக் குத்திக்காட்ட அவர் அதைச் சொல்லவில்லை.

தலைவன் என்றால் குனிகிறவன் என்று ஜெபக்கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன். காட்டிக்கொடுக்கப் போகிற யூதாஸின் காலைக்கூட இயேசு ஒதுக்கவில்லை.

இந்த வருடம் முதல் பெயராக அருள்தாஸை எழுதிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பட்டியலைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"வலது காலைத்தானேண்ணா கழுவுவாங்க?"