வெதுவெதுப்பாக இருந்த எந்திரம்

அணுமின் நிலையங்களைச் சோதிக்கும் குழுவில் அவளுக்கு 'ஆனால் அம்மா' என்று பட்டப்பெயர். யார் எதைச் சொன்னாலும், "ஆனால், அதுவும் போச்சுன்னா?" என்று கேட்பாள். நிலம் நடுங்கி, கடல் உள்ளே புகுந்து, மின்சாரமும் அறுந்துபோனால் உலை எப்படிக் குளிரும்? அந்தக் கேள்வியே அவளுடைய பிழைப்பு. திருமணம் செய்துகொள்ளவில்லை. "எவன் வந்தாலும் சோதனை போட்டே விரட்டிடுவா" என்பாள் தங்கை.

அந்தத் தங்கையின் கணவர் வேலை பார்த்த நிலையத்துக்கே அவளை அனுப்பினார்கள். உறவு இருக்கிறது, வேண்டாம் என்றாள். வேறு ஆள் இல்லை என்றார்கள்.

மாப்பிள்ளை அங்கே டீசல் எந்திர அறையின் மேற்பார்வையாளர். மின்சாரம் நின்றால் உலையைக் குளிர்விக்க அந்த எந்திரமே கதி. அதைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டர்களும் மின்சாரம் நின்றால் அணைந்துவிடும். ஆகவே அவற்றை முதல் நாளே அணைத்துவிட்டு, சூடு ஆறிக் குளிர்ந்துபோன எந்திரம் கிளம்புகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

அவள் எந்திரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. வாயைத் திறப்பதற்குள் நிலையத்தின் கண்காணிப்பாளர் பொத்தானை அழுத்திவிட்டார். எந்திரம் உறுமிக்கொண்டு கிளம்பியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

அவள் மாப்பிள்ளையை ஓரமாக அழைத்தாள்.

"ஹீட்டரைப் போட்டீங்களா?"

"காலையில கொஞ்ச நேரம்தான், அக்கா. நீங்க வந்திருக்கிற அன்னிக்கா இது மக்கர் பண்ணணும்? நம்ம குடும்பத்துக்கே அசிங்கமில்லையா?"

"கடல் பொங்கி வர்ற அன்னிக்கு யாரு போடுவா?"

"அது சொல்லிட்டு வந்தா நானே போட்டுடறேன்" என்று சிரித்தார்.

சொன்னால் தங்கையின் குடும்பம் தெருவுக்கு வரும். சொல்லாவிட்டால் ஊரே என்ன ஆகும் என்பதை அவள் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறாள். நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு கண்காணிப்பாளரிடம் சொல்லிவிட்டாள். மறுசோதனை நடக்கும் என்று நம்பினாள்.

மாப்பிள்ளையின் வேலை போயிற்று.

"மறுபடி எப்போ சோதிக்கப் போறீங்க?" என்று கண்காணிப்பாளரிடம் கேட்டாள்.

"எதுக்கும்மா? தப்பு பண்ண ஆளைத்தான் தூக்கியாச்சே. குறை தீர்ந்துபோச்சு."

"குறை எந்திரத்துலங்க!"

"அதுதான் கிளம்பிச்சே, கண்ணால பார்த்தீங்களே."

எந்திரம் தேறியது என்ற அறிக்கையில் குழுவில் மற்ற இருவரும் கையெழுத்திட்டார்கள். அவள் மறுத்தாள், இருவர் கையெழுத்தே போதுமானதாக இருந்தது.

மாலையில் நிலையக் குடியிருப்பில் இருந்த தங்கையின் வீட்டுக்குப் போனாள். தங்கை பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த எந்திரத்தையாவது சரி பண்ணாங்களா?"

"இல்லைடி."

"அப்புறம் எதுக்குக்கா சொன்னே?"

அவள் கீழே உட்கார்ந்து, ஒரு பாத்திரத்தை எடுத்துத் துணியில் சுற்றலானாள். அதற்குள் வாசலில் யாரோ செருமினார்கள். புதிய மேற்பார்வையாளர், கைக்குழந்தையை ஏந்திய மனைவியோடு வீட்டைப் பார்க்க வந்திருந்தார்.