பலாப்பழ எபிசோடில் ஓர் இருமல்

போன வருடம், மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை. திருவனந்தபுரம் தம்பானூரில் வித்துரா பஸ்ஸைப் பிடித்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கோயிலுக்கும் போகவில்லை, கல்யாண வீட்டுக்கும் போகவில்லை. ஒரு டி.வி. காமெடித் தொடர் எடுத்த வீட்டைப் பார்க்கப் போனேன். ஐம்பத்தெட்டு வயதில் இதென்ன கிறுக்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மகளும் போனில் அதையேதான் கேட்டாள்.

கிறுக்கு என்னுடையதல்ல, என் கணவருடையது. அவர் பொன்முடி பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். நாள் முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டு வருகிற மனிதருக்கு, சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த மலையாளத் தொடர் இல்லாமல் முடியாது. ஒரே வீட்டில் குடியிருக்கும் அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் ஏமாற்றுவதுதான் கதை. திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு மலையாளம் படிந்ததே அதைப் பார்த்துத்தான் என்று அவர் கேலி செய்வார். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

அந்தத் தொடரை எடுத்த வீடு அவருடைய ரூட்டிலேயே இருந்தது. நெடுமங்காடு தாண்டி ஒரு வளைவில், இரும்பு கேட் போட்ட மாடி வீடு. தினமும் அதைக் கடந்துதான் போவார். ஆனால் அறுபது பேர் ஏறியிருக்கிற பஸ்ஸை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்க முடியுமா? “ரிட்டயர் ஆனா முதல் வேலை அந்த வீட்டுக்குப் போறதுதான். நீயும் வரணும் கேட்டியா, தனியா போனா என்ன ரசம்?” என்பார். ரிட்டயரும் ஆனார். நான்கு தடவை கூப்பிட்டார். மழை என்றேன், மகள் வருகிறாள் என்றேன், பென்ஷன் பேப்பரை முதலில் பாருங்கள் என்றேன், நாலாவது தடவை என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. ரிட்டயரான ஏழாம் மாதம் ஒரு காலையில், காப்பி குடித்த டம்ளரைக் கீழே வைப்பதற்குள் போய்விட்டார்.

அவர் போய் ஒன்றரை வருடம் கழித்துத்தான் எனக்கு அந்த பஸ்ஸில் ஏறத் தைரியம் வந்தது.

கேட்டுக்குள் ஒரு அம்மா தார்ப்பாயில் நல்ல மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். என்னைப் போல எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார் போல, நிமிராமலேயே மலையாளத்தில், ஷூட்டிங் நின்று நாளாகிவிட்டது, போட்டோ வேண்டுமானால் வெளியே நின்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நானும் என் மலையாளத்தில், என் கணவர் பார்க்க ஆசைப்பட்ட வீடு, அவர் இப்போது இல்லை என்றேன். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“தமிழாக்கும், இல்லியா? பேச்சுல தெரியுது. எங்களுக்குத் தமிழ்நாட்டு எல்லையில பாறசாலைப் பக்கம். உள்ள வாங்க அக்கா.”

உள்ளே போனால் ஹால் இத்தனூண்டு இருந்தது. அண்ணனும் தம்பியும் துரத்திக்கொண்டு ஓடிய ஹால் இதுதானா என்று நம்ப முடியவில்லை. டி.வி.யில் பார்த்த சோபாவைக் கம்பெனிக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்களாம். அவர்கள் அடித்த கிளிப்பச்சைப் பெயின்ட் மட்டும் சுவரில் இருந்தது. தொடரில் சமையலறையாகக் காட்டியது உண்மையில் பக்கத்து வராந்தாவாம். அந்த அடுப்பில் கேஸே கிடையாதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதெல்லாம் கேட்டால் அவர் எப்படி ரசித்திருப்பார் என்று நினைத்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு அந்த அம்மா நிறையச் சொன்னார். “நமக்கு டப்பிங் கிடையாது அக்கா. நடிக்கும்போதே சத்தத்தையும் எடுத்துருவாங்க. டேக்குன்னு சொன்னா ஃபேன் நிக்கணும், மிக்ஸி நிக்கணும், குக்கரை அடுப்புலேருந்து இறக்கணும். காக்காயை விரட்டவே தனியா ஒரு ஆளு உண்டு. நாங்க பின்னாடி ரூம்ல மூச்சுக் காட்டாம இருப்போம்.”

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

“அப்படியும் ஒரு எபிசோட்ல இருமல் ஒண்ணு மாட்டிக்கிட்டுது, தெரியுமா?” என்று உற்சாகமாக ஆரம்பித்தேன். அண்ணன்காரன் தம்பிக்குத் தெரியாமல் பலாப்பழத்தைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைப்பான். வீடு முழுக்க வாசனை. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பார்கள். அந்த அமைதியில் உள்ளேயிருந்து யாரோ இருமுவது கேட்கும். “பழத்தைத் தின்னுட்டு ஒருத்தன் உள்ள இருமுறான் பாருடீ!” என்று சொல்லி என் கணவர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு! அப்புறம் எங்கள் வீட்டில் பிஸ்கட் காணாமல் போனாலும் சரி, மூக்குக் கண்ணாடி காணாமல் போனாலும் சரி, அந்த இருமலை இருமிக் காட்டுவதே வழக்கமாகிவிட்டது. அதையும் சொல்லி, அந்த ஹாலில் உட்கார்ந்தபடி இருமியும் காட்டினேன். முதலில் அடக்கிக்கொண்டு ஒன்று, பிறகு தொண்டையிலிருந்து தப்பிய மாதிரி சின்னதாக இன்னொன்று. அச்சு அசலாக வந்தது.

அந்த அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

“அது எங்க ஆளாக்கும் அக்கா.”

எனக்குப் புரியவே கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அவருடைய கணவருக்கு நுரையீரலில் நோய். எழுந்து நடமாட முடியாமல் பின்னறையில்தான் படுத்திருந்தாராம். வைத்தியத்துக்கு உதவும் என்றுதான் வீட்டையே ஷூட்டிங்குக்குக் கொடுத்திருக்கிறார்கள். டேக் என்று குரல் கேட்டதும் அவராகவே துவர்த்துத் துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொள்வாராம். மூச்சு முட்டிக் கண்ணில் நீர் வழியும், கட் சொன்ன பிறகுதான் துவர்த்தை எடுப்பாராம். ஒரே ஒரு நாள் அடக்க முடியாமல் போய்விட்டது. “அவங்க யாரும் ஒண்ணும் சொல்லல்ல. நல்ல ஆளுங்க. ஆனா இவரு கெடந்து சங்கடப்பட்டாரு, என்னால அவங்க டேக் வீணாப் போச்சேன்னு. சாகிற வரைக்கும் அதையே சொல்லிட்டு இருந்தாரு” என்றார்.

அந்த டேக்கை மறுபடி எடுத்திருப்பார்கள் என்றுதான் அந்த அம்மா நினைத்திருக்கிறார். தொடர் முடிந்து சாமான்களை ஏற்றும்போதுதான், அதை இருமலோடு அப்படியே ஓடவிட்டோம் என்று சவுண்டுக்காரர் சொன்னாராம். எந்த எபிசோட் என்று சவுண்டுக்காரருக்கும் நினைவில்லை. இருப்பதோ நூற்றுக்கணக்கில். தேடிப் பார்க்க உட்கார்ந்தால் இந்த அம்மாவுக்குத் தன் வீட்டு ஹாலையே டி.வி.யில் பார்க்க முடியாமல் அழுகை வந்து அணைத்துவிடுவாராம்.

“போட்டோ நெறைய உண்டு அக்கா. சத்தம் ஒண்ணு கூட இல்ல. போன்ல பேசுறதே அவருக்கு இஷ்டமில்ல. எந்த எபிசோட்னு உங்களுக்கு ஓர்மை இருக்கா?”

நம்பர் எனக்கும் தெரியாது. ஆனால் கதை தெரியுமே. அவர் போனை வாங்கி, பலாப்பழப் படம் போட்டிருக்கும் எபிசோடைத் தேடினேன். வீட்டுக்குள் நெட் இழுக்கவில்லை. இரண்டு பேரும் கிணற்றடிக்குப் போய் நின்றோம். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, கடைசியில் கிடைத்தது. மூக்கை உறிஞ்சும் இடத்துக்குக் கொண்டுவந்து, சத்தத்தை முழுக்கக் கூட்டி, போனை அவர் காதருகே வைத்தேன்.

ஒன்று. பிறகு தப்பி வந்த இன்னொன்று. அவ்வளவுதான்.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. “ஒண்ணுகூடி போடுங்க, இன்னொரு தடவை” என்றார். போட்டேன். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. நான்தான் அழுதேன். அவர் துவர்த்தைப் பொத்திக்கொண்டு கிடந்தபோது நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோமே, மன்னித்துவிடுங்கள் என்று ஏதோ உளறினேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க ஆளு எப்படிச் சிரிச்சாரு அக்கா? ஒண்ணு சிரிச்சுக் காட்டுங்க” என்றார். கேலியில்லை, உண்மையாகவே கேட்டார்.

முயன்று பார்த்தேன். வாயைத் திறந்தேன். வரவில்லை. முகம் தெரியாத ஒருவரின் இருமலை அப்படியே இருமத் தெரிந்த எனக்கு, முப்பத்தோரு வருடம் கூட வாழ்ந்தவரின் சிரிப்பு எங்கே ஆரம்பிக்கும், எப்படி முடியும் என்று பிடிபடவில்லை. எங்களிடமும் போட்டோக்கள்தான் இருக்கின்றன. எல்லாவற்றிலும் வாயை மூடிக்கொண்டு விறைப்பாக நிற்கிறார்.

“வரல்லை” என்றேன்.

“சாரமில்ல, போகட்டும்” என்றார். “நல்லாச் சிரிச்சாரு, இல்லியா?” என்று மறுபடி கேட்டார்.

“வயிறு வலிக்கச் சிரிச்சார்.”

“அப்போ அந்த டேக் வீணாப் போகல்ல” என்றார். என்னிடம் சொல்லவில்லை. வீட்டின் பின்னறைப் பக்கம் திரும்பிச் சொன்னார்.

ஒரு பொட்டலம் மிளகு கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார். அந்த மிளகு தீர்ந்து நாளாகிறது. இப்போதும் சில சாயங்காலங்களில் ஏழு மணிக்கு அந்த எபிசோடைப் போட்டுக்கொள்கிறேன். அந்த இருமல் வந்ததும் நிறுத்திவிட்டு, அதற்கு அடுத்து எங்கள் வீட்டில் எழுந்த சிரிப்பு காதில் விழுகிறதா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை விழவில்லை, ஆனால் அவர் நான்கு தடவை கூப்பிட்டது மட்டும் நன்றாகக் கேட்கிறது.