கொர்யோ மேசையில் சிவப்புக் கிம்ச்சி

என் அண்ணி மேங் ஓக்ரானுக்கு வரலாறு தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்க வேண்டாம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் எண்பது பேருக்குச் சூடாகச் சோறு போடுவது. சினிமாப் படப்பிடிப்பு எந்த மலையில் நடந்தாலும் எங்கள் சோற்று வண்டி அங்கே போய் நிற்கும். அண்ணி சமைப்பார். நான் வண்டி ஓட்டுவேன், பாத்திரம் கழுவுவேன், திட்டு வாங்குவேன். என் அண்ணன் உயிரோடு இருந்தவரை இந்த மூன்றும் அவன் வேலை.

யாராவது அரைகுறையாகச் சாப்பிட்டால் அண்ணிக்குப் பொறுக்காது. உடம்பைக் குறைக்கிறேன் என்று வேகவைத்த கோழியை மட்டும் எடுத்துக்கொண்டு நழுவுகிற கதாநாயகர்களை வழிமறித்து நிற்பார். "என்னய்யா தட்டு இது? ஆஸ்பத்திரியில கூட இதைவிட நல்லாப் போடுவாங்க. நில்லு, இதையும் வாங்கிக்கோ" என்று ஒரு கரண்டி கிம்ச்சியைத் தட்டில் வைத்த பிறகுதான் விடுவார். முட்டைக்கோஸை மிளகாய் விழுதில் பிசைந்து புளிக்கவைக்கிற அந்த வேலையை மட்டும் என்னிடம்கூட விடமாட்டார். கிம்ச்சி இல்லாத தட்டு அவருக்குத் தட்டே இல்லை.

யோம் ஜுன்சோ பத்து வருடம் உதவி இயக்குநராகத் திரிந்து, எங்கள் வண்டிச் சோற்றிலேயே வளர்ந்தவன், சொந்தம் இல்லாவிட்டாலும் அண்ணியைச் சித்தி என்றுதான் கூப்பிடுவான். முதல் படம் கிடைத்ததும் பெற்ற தாய்க்குச் சொல்லும் முன்னே அண்ணிக்குப் போன் செய்தான். "சித்தி, எனக்குப் படம் கிடைச்சிருச்சு. வேற சோத்து வண்டி வேணாம்னு எழுதியே கொடுத்துட்டேன்." அண்ணி போனை வைத்துவிட்டு என்னைத் திட்டினார், காரணம் எதுவும் இல்லாமல். சந்தோஷம் வந்தால் அவருக்கு அப்படித்தான். படப்பிடிப்பு தொடங்குமுன் பன்றித்தலை வைத்துக் கும்பிடுவோமே, அதற்குச் சந்தையில் நாலு கடை ஏறி இறங்கி, நன்றாகச் சிரித்த முகமுள்ள தலையாகத் தேடி வாங்கினார். தலை சிரித்தால் படம் ஓடும் என்பார்கள்.

படத்தின் பெயர் 'இரவல் இளவரசன்'. அறுநூறு வருடத்துக்கு முன் எங்கள் கொரியாவை ஆண்ட கொர்யோ அரசர்கள் காலத்துக் கதை. காணாமல்போன இளவரசனுக்குப் பதிலாக ஒரு கோழித் திருடனைக் கொண்டுபோய் அரண்மனையில் வைக்கிறார்கள். அந்தத் திருடன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு குதிரையில் வருவான். பின்னால் மின்சார கிட்டார் அலறும். காவலாளிகள் இன்றைய பிள்ளைகள் மாதிரி வரிசை கட்டி ஆடுவார்கள். 'சூடு ஆறுமுன் வீடு சேர்ப்போம்' என்று கத்திக்கொண்டு ஒருவன் கஞ்சியைக் குதிரையில் கொண்டுபோய்க் கொடுப்பான். அர்த்தமில்லாத படம்தான். ஆனால் இரண்டு மணி நேரம் கவலையில்லாமல் சிரிக்கலாம். சிரிக்கவைப்பது என்ன லேசான வேலையா?

முன்கியோங் மலைக் கணவாயில் சத்திரக் காட்சி எடுத்த அன்றுதான் வினை வந்து உட்கார்ந்தது. திருடனும் பிக்குவும் ஓடிப்போன தளபதியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற இடம். சாப்பாட்டு மேசைக்கான சாமான்களோடு வரவேண்டிய வண்டி பனியில் மாட்டி அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. ஜுன்சோ மூச்சிரைக்க எங்கள் வண்டிக்கு ஓடிவந்தான்.

"சித்தி, காப்பாத்துங்க. வெளிச்சம் போகப்போகுது. மூணு பேருக்கு ஒரு சத்திரத்துச் சாப்பாடு வேணும். அந்தக் காலத்துச் சாப்பாடு, சாதாரணமா இருந்தாப் போதும்."

"அந்தக் காலத்துலயும் மனுசன் வாயாலதானே சாப்பிட்டான்? போ, போய் உன் கேமராவைப் பாரு."

அண்ணி தினைச் சோறு வைத்தார், சோயா விழுதுக் குழம்பு வைத்தார், உப்பு முள்ளங்கி, கருவாடு, வேகவைத்த பன்றி இறைச்சி எல்லாம் வைத்தார். வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். முகம் வாடிவிட்டது. மறுபடி வண்டிக்குப் போய் ஒரு கிண்ணம் கிம்ச்சியை, சிவந்த மேல் இலை தெரிய அழகாக அடுக்கி, கொண்டுவந்து நடுவில் வைத்தார். அந்த மேசையை ஐம்பது பேர் பார்த்தோம். வரலாற்று ஆலோசகர் என்று சம்பளம் வாங்குகிற மனிதரும் குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு அங்கேதான் நின்றார். அவருக்கு நாக்கில் எச்சில் ஊறியதே தவிர வேறொன்றும் தோன்றவில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான். மேசையில் கிம்ச்சி இருந்தால் கண்ணில் படாது, இல்லாவிட்டால்தான் படும்.

படம் வெளியான வாரம் அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைசியில் ஓடுகிற பெயர்களில் 'உணவு: மேங் ஓக்ரான்' என்று வந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவை. முள்ளங்கி நறுக்கிக்கொண்டே, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பார்த்தவர்கள் போனில் எழுதிய கருத்துகளை ஒவ்வொன்றாக எனக்குப் படித்துக்காட்டுவார்.

"'வயிறு வலிக்கச் சிரிச்சேன், குதிரைக்குக்கூட நல்லா நடிக்க வருது.' கேட்டீங்களா தம்பி? 'என் மாமனார் தியேட்டர்ல சிரிச்சு இப்பத்தான் பாக்குறேன்.' இங்க பாருங்க, 'சத்திரத்துச் சாப்பாட்டைப் பார்த்துட்டு நேரா சாப்பாட்டுக் கடைக்குத்தான் போனோம்'. அஞ்சு நட்சத்திரம்!"

"அண்ணி, அந்த அஞ்சும் உங்க கருவாட்டுக்கு."

"போங்க தம்பி, கிண்டல் பண்ணாதீங்க" என்பார். ஆனால் அதையே மறுபடி படிப்பார்.

அடுத்த வாரம் எவனோ ஒரு புண்ணியவான் அந்தச் சத்திரக் காட்சியை நிறுத்தி, படம் பிடித்து, கிம்ச்சியைச் சுற்றி வட்டம் போட்டு வெளியிட்டான். 'கொர்யோ காலம் முடிந்து இருநூறு வருஷம் கழிச்சுத்தான் மிளகாயே நம்ம நாட்டுக்கு வந்துச்சு. இவங்க தளபதி எப்படி மிளகாய்க் கிம்ச்சி திங்கிறார்?' அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. அஞ்சு நட்சத்திரம் போட்டவர்களே திரும்பிவந்து ஒன்றாகக் குறைத்தார்கள். முன்னோர்களை அவமதித்துவிட்டார்களாம். நம் சாப்பாட்டைத் தன்னுடையது என்று பக்கத்து நாட்டுக்காரன் சொல்லத் துடிக்கிற நேரத்தில் இவர்களே வழிவிட்டுக் கொடுக்கிறார்களாம். யாரோ ஒரு நல்லவர், "மின்சார கிட்டாரை விட்டுட்டீங்க, கறுப்புக் கண்ணாடியை விட்டுட்டீங்க, கிம்ச்சியைப் போய்ப் பிடிச்சுக்கிட்டீங்களேப்பா" என்று கேட்டார். அதற்கு ஒருவன் சொன்ன பதிலுக்குப் பல்லாயிரம் பேர் கை தட்டினார்கள்: "கிட்டார் வேணும்னு வெச்சது. கிம்ச்சி தெரியாம வெச்சது. வேணும்னு செஞ்சா அது வேடிக்கை. தெரியாம செஞ்சா அது கேவலம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கும் அவன் வீட்டு மேசையில் கிம்ச்சி இருந்திருக்கும், வேண்டுமென்று வைத்தானா, தெரியாமல் வைத்தானா? ஆனால் யாரிடம் போய்க் கேட்பது? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

படம் ஓடிய திரைகள் பாதியாகக் குறைந்தன. முதல் படம் விழுந்தவனுக்கு இரண்டாவது படம் கிடையாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். ஜுன்சோ பத்திரிகைக்காரர்கள் முன்னால் இடுப்பு வளையக் கும்பிட்டு, "கிம்ச்சியை நான்தான் வைக்கச் சொன்னேன், என் அறியாமை, மன்னித்துவிடுங்கள்" என்றான். அண்ணி அதைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தார். எரிகிற அடுப்பை அவர் பாதியில் அணைத்து நான் பார்த்ததில்லை.

"பொய் சொல்றான் தம்பி. அவன் எங்க சொன்னான்? நான்தானே வெச்சேன்."

போன் போட்டுக் கேட்டார். ஜுன்சோ, "சித்தி, உங்க பேரைச் சொன்னா உங்களைக் கிழிச்சுருவாங்க. அப்புறம் எந்தக் கம்பெனியும் உங்க வண்டியைக் கூப்பிடாது. நான் பாத்துக்கிறேன், நீங்க பேசாம இருங்க" என்றான்.

"டேய், எனக்குச் சோத்து வண்டி போனா ஒரு கடை போட்டுப் பொழைச்சுக்குவேன். உனக்குப் படம் போனா என்ன பண்ணுவ?"

அவன் போனை வைத்துவிட்டான். அண்ணிக்கு அன்றிலிருந்து ஒரே குறி: பழி அவன் தலையிலிருந்து இறங்க வேண்டும். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகக் குத்தி, தன் சொந்தப் பெயரிலேயே கருத்து எழுதினார். 'சமையல் செய்தவள் நான். கிம்ச்சி வைத்தது நான். இயக்குநருக்குத் தெரியாது. என்னைத் திட்டுங்கள்.' கூடவே மன்னிப்பும் கேட்டிருந்தார்.

வந்த பதில்களை நான் மறைக்கப் பார்த்தேன். அவர் பிடுங்கிப் படித்தார். "ஆமா, நான்தான் கொர்யோ அரசன்." "கம்பெனி ஆள் வெச்சு எழுத ஆரம்பிச்சுட்டான்யா." "ஏம்மா, கூலிக்கு எழுதுறதை எழுத்துப் பிழை இல்லாமலாவது எழுதக் கூடாதா?" அண்ணி எல்லோருக்கும் பொறுமையாக, 'இல்லைங்க, நெசமா நான்தான்' என்று எழுதினார். எழுத எழுத அவர்கள் சிரிப்பு கூடியது. மூன்றாம் நாள் அவர் கணக்கையே போலி என்று முடக்கிவிட்டார்கள். உண்மையைச் சொல்லக்கூட வழியில்லாமல் அந்த மனுஷி கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நான் என்ன செய்ய முடியும்? பாத்திரத்தைக் கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை சியோலில் கடைசி மேடை வணக்கம் என்று அறிவித்தார்கள். படம் முடிந்ததும் இயக்குநரும் நடிகர்களும் அரங்கத்துக்குள் வந்து ரசிகர்களைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அண்ணி கல்யாணங்களுக்குப் போடுகிற ஊதாச் சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். தியேட்டருக்குக் கீழே இருக்கிற வண்டி நிறுத்தத்தில் எங்கள் வண்டி நுழையாது, உயரம் அதிகம். தெருவில் விட்டுவிட்டு ஓடினோம்.

முன்னூறு பேர் உட்காரும் அரங்கத்தில் முப்பது பேர்கூட இல்லை. அத்தனை பேரும் கதாநாயகனைப் பார்க்க வந்தவர்கள். படம் முடிந்தது. ஜுன்சோ வந்து நின்றான், சட்டைக் கழுத்து தொளதொளவென்று தொங்கியது, அவ்வளவு இளைத்திருந்தான். அவன் "வந்ததற்கு நன்றி" என்று ஆரம்பிப்பதற்குள் அண்ணி எழுந்தார்.

"எல்லாரும் கேளுங்க. அந்தக் கிம்ச்சியை நான்தான் வெச்சேன். நான் சோத்து வண்டி ஓக்ரான். மேசையில கிம்ச்சி இல்லாம பாக்க எனக்கு மனசு வரல, அதான் வெச்சேன். இந்தப் பையனுக்கு ஒண்ணும் தெரியாது. இவனைத் திட்டாதீங்க, உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன்."

கதாநாயகனுக்கு என்ன தோன்றியதோ, நிலைமையைச் சமாளிப்பதாக நினைத்து மைக்கைப் பிடித்தான். "பார்த்தீங்களா! நம்ம படத்தோட நெச வில்லி கடைசியில வந்து சரணடைஞ்சுட்டாங்க!" என்றான்.

அவ்வளவுதான், முப்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கை தட்டினார்கள். அண்ணி இரண்டு கையையும் ஆட்டி, "சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்" என்று அழுதுவிட்டார். அதற்கு இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். ஜுன்சோ மைக்கைப் பிடுங்கி, "இல்லங்க, இவங்க நெசமாவே..." என்று தொடங்கினான். ஆனால் பத்து நாளாக 'நான்தான் வைக்கச் சொன்னேன்' என்று சொல்லிவந்த வாய் அது. பாதியில் நின்றுவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு பெண்கள் ஓடிவந்து அண்ணியை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி, "அம்மா, நீங்க எந்த நாடகக் குழு?" என்று கேட்டாள். கூட்டம் கலைந்ததும் ஜுன்சோ வந்து அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேலாளர் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வண்டியில் வந்து ஏறியதும் அண்ணி என் போனை வாங்கிக்கொண்டார். புதுக் கருத்து ஒன்று வந்திருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சத்தமாகவே படித்தார். 'படம் சுமார்தான். வரலாற்றுப் பிழையை மன்னிக்க முடியாது. ஒரு நட்சத்திரம். ஆனால் மேடை வணக்கத்துக்கு வந்த கிம்ச்சி அம்மா பிரமாதம். இந்தப் படத்திலேயே நன்றாக நடித்தது அவர்தான். அதிலும் அந்த அழுகை!'

நான் வண்டியைக் கிளப்பவில்லை. அண்ணி போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"அழுததுகூடவா தம்பி?" என்று கேட்டார்.