கடைசி வரியில் சந்திரன் அண்ணன்

சந்திரன் அண்ணன் தவறிவிட்டார் என்று அவருடைய மகள் போன் செய்தபோது, நான் ஆபீசில் அவருடைய நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்தது. இறந்தவரைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டும் என்பார்கள். நல்லதையும் சொல்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் அவர்தான் பெரிய கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவர். கொழுந்தை எடைபோடும் நிறுவை கம்ப்யூட்டருக்கு மாறியபோது அதைக் கண்டு பயப்படாத ஒரே ஆள். யார் யாருக்கு என்ன உரிமை என்று அதற்குள் ஒரு கோப்பு இருக்கிறது. அதில் உரிமை உள்ளவர்தான் நின்றுபோன நிறுவையை மறுபடி ஓட்ட முடியும். ரொம்ப காலம் அவர் பெயர் மட்டுமே இருந்தது. யாருடைய கொழுந்தாவது கணக்கில் ஏறாமல் போனால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து சரிசெய்வார். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

அவருக்குக் கீழே வேலை பார்த்த எனக்கு ஈப்போ டவுனில் வேறு வேலை கிடைத்த சமயம், திரையை என் பக்கம் திருப்பி என் பெயரையும் அதில் எழுதினார்.

“இனிமே நீயும் நானும் ஒன்னுதான்லா. எனக்கப்புறம் இந்த இடம் உனக்குத்தான். ஒன்னு ஞாபகம் வெச்சுக்கோ செல்வி, ஒரு ஆளப் பத்தி மேல என்ன எழுதியிருந்தாலும் கடைசியா எழுதின வரிதான் செல்லும்.”

அவர் வார்த்தையை நம்பி ஈப்போ வேலையை வேண்டாம் என்றேன். வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவர் நெஞ்சுவலியோடு தானா ராத்தா ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மழையில் கரண்ட் போய் வந்ததில் நிறுவை நின்றுவிட்டது. வாசலில் லோரிகள், மூட்டையிலேயே கொழுந்து சூடேறுகிறது. “நான் பாத்துக்கிறேன் சார்” என்று மேனேஜரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். உனக்கு அனுமதி இல்லை என்றது கம்ப்யூட்டர். மறுபடி தட்டினேன். அதே பதில். மேனேஜர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஈப்போவிலிருந்து வந்த டெக்னீஷியன் கோப்பைத் திறந்து காட்டினார். மேலே என் பெயர், எல்லா உரிமையோடும். கடைசி வரியில் மறுபடியும் என் பெயர், எந்த உரிமையும் கிடையாது என்று. அப்படி எழுதச் சொன்னது யார் என்று மேனேஜருக்கே தெரியவில்லை. அந்தக் கோப்பில் கை வைக்கக்கூடியவர் அண்ணன் ஒருவர்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். நலம்கூட விசாரிக்கவில்லை, ஏன் என்று மட்டும் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எல்லாத்தையும் நீயே செஞ்சிட்டா, என்னை எதுக்கு வெச்சிருப்பாங்க? பயமா இருந்துச்சு.”

“சொல்லியிருக்கலாமே அண்ணே.”

“சொன்னா நீ ஈப்போ போயிருப்பியே.”

போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு வந்துவிட்டேன். நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான்.

இப்போது நான்தான் பொறுப்பு. என்னைத் தடுத்த வரியை டெக்னீஷியன் எடுத்துவிட்டார். இறந்தவருக்கு உரிமை இருக்கக் கூடாது, அதை நிறுத்திவிடு என்பதுதான் மேனேஜர் எனக்குக் கொடுத்த முதல் வேலை. அடக்கம் முடிந்து வந்து கோப்பைத் திறந்தேன். முதல் வரியில் அவர் பெயர். இத்தனை காலம் இந்த ஆபீசைத் தாங்கிய பெயர், அழிக்க மனம் வரவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் கீழே அவர் பெயரை இன்னொரு முறை எழுதி, எந்த உரிமையும் கிடையாது என்று சேர்த்தேன்.

நீங்கள் சொல்லிக்கொடுத்தபடிதான் அண்ணே. போய் வாருங்கள்.